இடப்பக்கத்து பிரேக்

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று அந்த வக்கீல் நோட்டீஸ் வரும்வரை யாரும் யோசித்ததில்லை. யார் என்ன தப்புச் செய்தாலும் "தப்பு என்னோடதுதான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

தொழில் அப்படி. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முகம் வாடினால் போச்சு. நடுரோட்டில் வண்டி நின்றுபோய் அவர்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்தவர் இறங்கி நாலு வார்த்தை கேட்டுவிட்டால், மறுநாள் வகுப்புக்குத் தலைவலி என்று ஆள் வரமாட்டார். அதனால் டீச்சர் முதலில் இறங்கிவிடுவாள். "தப்பு என்னோடதுதான் சார், நான்தான் சரியா சொல்லிக்கொடுக்கல" என்பாள். பேக்கரிக்காரர் ஒருவர் தபால் பெட்டியைச் சாய்த்தபோதும் இதுதான். பல் டாக்டர் ஒருத்தி பஸ்ஸுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு அழுதபோதும் இதுதான். வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்கள், மேலே என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். பேக்கரிக்காரர் இப்போது அநாயாசமாக ரொட்டி வண்டி ஓட்டுகிறார். பல் டாக்டர் தினமும் காரில்தான் வேலைக்குப் போகிறாள்.

அப்படிப்பட்டவள், வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போன ஒரு காலை வேளையில் மாட்டிக்கொண்டாள்.

அன்று வகுப்பு இல்லை. நாத்தனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால், கற்றுக்கொடுக்கிற மஞ்சள் காரையே எடுத்தாள். அந்தக் காரில் ஒரு விசேஷம். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே, இடப்பக்கத்தில் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் டீச்சர் அதை அமுக்குவாள். அமுக்கினால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். பரீட்சையின்போது டீச்சர் திருட்டுத்தனமாக உதவி செய்தால் பரிசோதகருக்குத் தெரியட்டும் என்று வைத்த மணி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ரயில் சத்தம் கேட்காதது போல, அந்த டிங் டீச்சரின் காதுக்கு என்றோ மரத்துப்போயிருந்தது.

நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீச்சர் வீட்டுக்காரரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மாடியில் குடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவர் நடந்துவருகிற சத்தம் கேட்டாலே, படுக்கை விரிப்பில் இருக்கிற சுருக்கம் தானாக நிமிரும் என்று சொல்வார்கள். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். தப்புச் செய்கிறவர்கள் ஒரு வகை, அவர் ஒருவர் இன்னொரு வகை. இத்தனை தைரியசாலிக்குக் காரில் ஏறினால் மட்டும் கதிகலங்கும். யார் ஓட்டினாலும் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டே வருவார்.

அதனால்தான் டீச்சர் ஏறும்போதே சொன்னாள். "அண்ணி, கால் பக்கத்துல ஒரு பெடல் இருக்கு. அதை மட்டும் தொட்டுடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் நாத்தனார். காலை இழுத்து இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, மரச்சாமான் கடைகள் இருக்கிற தெருவில்தான் நடந்தது. இடது ஓரமாக வரிசையாகச் சரக்கு வேன்கள் நின்றன. டீச்சர் மெதுவாகத்தான் போனாள். திடீரென்று வண்டி ஆணியடித்தது போல நின்றது. அடுத்த நொடி பின்னால் 'டமால்'.

டீச்சர் இறங்கினாள். என்ன நடந்தது, வண்டி ஏன் நின்றது, எதுவும் மண்டையில் ஏறவில்லை. பின்னால் இடித்தவர் ஒரு மெத்தைக் கடைக்காரர். முகப்பு நசுங்கிய காரிலிருந்து இறங்கி, பாவம், மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சரின் வாய் அதன் பாட்டுக்குப் பேசிவிட்டது.

"தப்பு என்னோடதுதான் சார்."

மெத்தைக் கடைக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சில வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. எந்தக் காரணமும் இல்லாமல் நடுத்தெருவில் பிரேக் போட்டு விபத்தை உண்டாக்கினாராம். அதில் மெத்தைக் கடைக்காரரின் காரும் கழுத்தும் கெட்டுவிட்டனவாம். சம்பவ இடத்திலேயே தப்பை ஒப்புக்கொண்டாராம். ஆகவே நஷ்டஈடு. நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். டீச்சர் பயந்தது வேறொன்றுக்கு. ஒருவருக்குக் காயம் உண்டாகிற மாதிரி விபத்தை உண்டாக்கியது இவள்தான் என்று முடிவானால், கற்றுக்கொடுக்கிற அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள். அந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

அதைவிட மோசமான ஒரு பயம் உள்ளே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிரேக் போட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. எதிரில் ஒன்றையும் பார்க்கவும் இல்லை. அப்படியென்றால் காரணமே இல்லாமல் தன் கால் தானாக அமுக்கியிருக்கிறது. தன் காலையே நம்ப முடியாதவள் அடுத்தவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? கார் இன்னும் சரியாகவில்லை என்று சாக்குச் சொல்லி வகுப்புகளைத் தள்ளிப்போட்டாள். சாயங்காலங்களில் சோபாவில் உட்கார்ந்து தன் வலது காலை, விருந்துக்கு வந்து திரும்பிப் போகாத உறவுக்காரரைப் பார்ப்பது போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

காரில் முன்னால் பார்க்கிற கேமரா ஒன்று இருந்தது. அதில் பதிவானதைப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேமராவின் கார்டை அப்படியே கவரில் போட்டு, நோட்டீஸோடு சேர்த்து இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள். அவர்கள் ஒரு வக்கீலை நியமித்தார்கள்.

வக்கீலம்மா சின்ன வயசு. அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. முதல் தடவை போனில் பேசும்போதே பட்பட்டென்று சொன்னாள். "அவரோட பேசாதீங்க. அவர் பேசினாலும் பதில் சொல்லாதீங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. எந்தக் கடிதம் வந்தாலும் எனக்கு அனுப்புங்க. முக்கியமா, யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க."

"மன்னிச்சுக்கோங்க, பழக்கதோஷம்" என்றாள் டீச்சர்.

"இதைத்தான் சொல்றேன்" என்றாள் வக்கீலம்மா. "இன்னொண்ணு. என்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லணும். நமக்குப் பாதகமானதை முதல்ல சொல்லணும். எதிராளிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைன்னா, நான் அங்க போய் முழிச்சுட்டு நிப்பேன்."

இந்த நாட்களில் நாத்தனாரின் நடவடிக்கைதான் விசித்திரமாக இருந்தது. வழக்கமாக மாடியிலிருந்து இறங்கிவந்தால் சமையலறை அலமாரியில் விரலை ஓட்டி, தூசியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். இப்போது டீச்சருக்கு டீ போட்டுக் கொடுத்தார். துணி மடித்து வைத்தார். "நல்லா ஓட்டற பொண்ணு நீ" என்று ஒரு நாள் காரணமில்லாமல் சொல்லிவிட்டு, அதற்காகக் கோபித்துக்கொண்டது போல விடுவிடுவென்று மாடிக்குப் போனார். நாத்தனார் அன்பாக இருந்தால் எப்படி நடந்துகொள்வது என்று டீச்சருக்குப் பழக்கமில்லை. வீட்டுக்காரரைக் கேட்டாள். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடிபட்டே பழகிய அவர், "ஆராயாதே, அனுபவி" என்றார்.

ஒரு நாள் மதியம் நாத்தனார் பெரிய பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் தலையணை.

"எங்க வாங்கினீங்க?" என்று கேட்கும்போதே டீச்சருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அவன் கடைலதான். கழுத்து எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு போனேன். மேல் தட்டுல இருக்கற தலையணைதான் வேணும்னேன். ஏணியில ஏறி எடுத்துக் குடுத்தான். நல்லாத்தான் திரும்புது."

"அண்ணி, அவரோட பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காங்க."

"உன்னைத்தானே சொன்னா. என்னைச் சொல்லலையே." நாத்தனார் தலையணையைத் தட்டிப் பார்த்தார். "மோசமான ஆள் இல்ல. ரெண்டு வாரம் கழுத்து வலிச்சுதாம், இப்ப தேவலையாம். 'சும்மா போய்ட்டிருந்த வண்டி ஏன் நின்னுச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல'ன்னான். அவன் சொல்றதும் நியாயம்தான்."

கடைசி வாக்கியத்தை அவர் தலையணையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். விஷயத்தை டீச்சர் வக்கீலம்மாவிடம் ஒப்பித்தாள். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் வக்கீலம்மா. "கார்ல இருந்த சாட்சி அவங்கதானே. தலையணையை வீட்லயே வெச்சுட்டு வாங்க."

வக்கீலம்மாவின் அறையில் மேஜை நாற்காலிக்குப் போக மிச்ச இடத்தில்தான் மனிதர்கள். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போது தண்ணீர் டம்ளர் லேசாக அதிர்ந்தது. நாத்தனார் புடவையை இழுத்துச் செருகி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"எங்க போய்ட்டிருந்தீங்க?" என்று வக்கீலம்மா அவரைக் கேட்டாள்.

"கண் டாக்டர்கிட்ட."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "பாக்கப் போறப்ப நடந்ததா, பாத்துட்டு வர்றப்பவா?"

"வர்றப்ப. புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். எதிர்க்கடை போர்டுல இருந்த எழுத்துப்பிழை வரைக்கும் தெரிஞ்சுது."

"அது போதும்" என்று வக்கீலம்மா பெருமூச்சு விட்டாள். "வீடியோவைப் போடறேன். எதிர்ல எதுவுமே இல்ல. அதுதான் நமக்குக் கஷ்டம். ஆனா ரெண்டு விஷயம் எனக்குப் புரியல. பாத்துச் சொல்லுங்க."

டீச்சர் கைகளை இறுகக் கோர்த்துக்கொண்டாள். திரையில் தெரு நகர்ந்தது. வேன்கள், கடைகள், காலியான பாதை. இடது ஓரத்தில் ஒரு கணம் பளீரென்று வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்து மறைந்தது. உடனே படம் குலுங்கி நின்றது. பின்னால் டமால். ஆனால் அதற்கும் முன்னால், வெளிச்சத்துக்கும் குலுக்கலுக்கும் நடுவில், தெளிவாக ஒரு 'டிங்'.

"அந்த வெளிச்சம் என்ன?" என்றாள் வக்கீலம்மா. "அந்தச் சத்தம் என்ன?"

இத்தனை வருஷம் காதில் விழாத சத்தம், இப்போது கோயில் மணி மாதிரி டீச்சருக்குக் கேட்டது. தன் காலால் வலப்பக்கத்து பிரேக்கை எத்தனை தடவை அமுக்கினாலும் அந்த மணி அடிக்காது. அது இடப்பக்கத்து பிரேக்கின் சத்தம். அப்படியென்றால் கால் தன்னுடையது இல்லை. தன் கால் யோக்கியமான கால். அந்த நிம்மதியில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். நாத்தனாரின் முதுகு இப்போது நிமிர்ந்திருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரை நடுங்கவைத்தவர், முதல் வகுப்பில் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்ட மாணவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த முகம் டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த முகம். எத்தனையோ பேரிடம் பார்த்த முகம். அவ்வளவுதான், வாய் முந்திக்கொண்டது.

"அது சீட் பெல்ட் சத்தம்" என்றாள். "பிரேக் போட்டது நான்தான். தப்பு என்னோடதுதான்."

கீழே ஜெராக்ஸ் மிஷின் நின்றது. டம்ளரின் அதிர்வு அடங்கியது.

"உன் கால் வலது பக்கம் இருந்துச்சு" என்றார் நாத்தனார். "அமுக்கினது என் கால்."

வக்கீலம்மா பேனாவை எடுத்தாள்.

"தொடாதேன்னு சொன்னா. சொல்லித்தான் ஏத்தினா. நான்தான் அமுக்கினேன்." அவர் வக்கீலம்மாவிடம்தான் சொன்னார், ஆனால் டீச்சரின் கையைப் பிடித்திருந்தார். "நான் வேலை பாத்த காலமெல்லாம் அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சுட்டே இருந்தேன். என் தப்பைச் சொல்லிப் பழக்கமில்ல. தினம் மாடியை விட்டு இறங்கறப்ப இன்னிக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். கீழ வந்ததும் டீ போட்டுக் குடுத்துட்டுப் போய்டுவேன்."

"ஏன் அமுக்கினீங்க?" என்றாள் வக்கீலம்மா.

"ஏன்னா, அந்த ஆள் செத்திருப்பான்."

"எந்த ஆள்?"

"பீரோக் கண்ணாடியைத் தூக்கிட்டு வந்தானே, அவன்தான்." இவ்வளவு தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாளே என்று நாத்தனாரின் பழைய குரல் கொஞ்சம் திரும்பியது. "ரெண்டு பேர் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிட்டு வேனுக்கும் வேனுக்கும் நடுவுல வந்தாங்க. முன்னாடி இருந்தவன் பின்பக்கமா நடந்து ரோட்டுக்கு வந்துட்டிருந்தான். இவளுக்குத் தெரிஞ்சிருக்காது, வேன் மறைச்சுது. நான் ஓரத்துல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரிஞ்சுது. கத்தறதுக்குள்ள கால் போய்டுச்சு. இடி சத்தம் கேட்டதும் அவங்க கண்ணாடியோட உள்ள ஓடிட்டாங்க."

வக்கீலம்மா படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். வேன் இடுக்கில் ஒரு துளி வெளிச்சம், பிறகு பளீர். வெயிலில் அடித்த கண்ணாடி.

"அம்மா" என்றாள் வக்கீலம்மா மெல்ல. "இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அதைச் சொன்னா இதையும் சொல்லணுமே."

வக்கீலம்மா சிரித்துவிட்டாள். அதுவரை அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்றே தெரியவில்லை. பிறகு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "யார் கால்ங்கறது ரெண்டாவது கேள்வி. எதுக்காகங்கறதுதான் முதல் கேள்வி. ஒரு உயிரைக் காப்பாத்த நிறுத்தின வண்டி, காரணமில்லாம நிறுத்தின வண்டி இல்ல. முன்னாடி போற வண்டி எப்ப வேணா நிக்கலாம்னு இடைவெளி விட்டு வர்றது பின்னாடி வர்றவரோட பொறுப்பு. அந்தக் கண்ணாடிக்காரங்க கிடைச்சா போதும்." டீச்சரின் பக்கம் திரும்பினாள். "நீங்க இப்ப என்கிட்டப் பொய் சொன்னீங்க."

"தப்பு என்..." என்று ஆரம்பித்த டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர்கள் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. மரச்சாமான் கடையில் விசாரித்ததும் இரண்டு சுமைக்காரர்கள் பின்கதவு வழியாக நழுவப் பார்த்தார்கள். விபத்துக்குத் தாங்கள்தான் காரணம், போலீஸ் வந்துவிட்டது என்று பயம். வாசலில் நின்றது போலீஸ் இல்லை, நாத்தனார். அதற்கு போலீஸே தேவலை என்று பின்னால் அவர்கள் சொன்னார்களாம். நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். பின்பக்கமாக நடந்தவர், தனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றதே அன்றுதான் முழுசாகப் புரிந்தது போல, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

சம்பவ இடத்தில் தப்பை ஒப்புக்கொண்டதாகச் சொன்னதற்கும் வக்கீலம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பேக்கரிக்காரரும் பல் டாக்டரும் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். தபால் பெட்டியைச் சாய்த்தது தான்தான், ஆனால் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டது டீச்சர்தான் என்று பேக்கரிக்காரர் பெருமையாகவே எழுதியிருந்தார். இந்த அம்மாள் எதற்கும் மன்னிப்புக் கேட்பவர், அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வக்கீலம்மா பதில் அனுப்பினாள்.

எதிர்த்தரப்பிலிருந்து கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு நஷ்டஈட்டுக் கோரிக்கையை விலக்கிக்கொள்வதாகச் செய்தி வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வக்கீல்கள் வழியாகவே மெத்தைக் கடைக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லியனுப்பியிருந்தார். வண்டி ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டதில் மனசு லேசானது, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனதே போதும் என்று. டீச்சர் அன்று மாலையே எல்லா மாணவர்களுக்கும் போன் செய்தாள். கார் சரியாகிவிட்டது என்றாள்.

மறுநாள் காலை வாசலில் மஞ்சள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் இறங்கிவந்தார். காலில் கட்டுச்செருப்பு. மூக்கில் புதுக் கண்ணாடி. நேராகப் போய் வலப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் உக்காந்தாதானே வம்பு?" என்றார். "இந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாக்கறேன். சொல்லிக்குடு."

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்கு டீச்சர் காரைக் கொண்டுபோனாள். இடம் மாறி உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தார். வண்டி ஒரு தடவை விக்கியது, இன்னொரு தடவை விக்கியது, பிறகு நகர்ந்தது. மைதானத்தின் கோடியில், எங்கோ தொலைவில், ஒரு குப்பைத்தொட்டி. நாத்தனார் தாமாகவே வேகத்தைக் குறைத்து, அழகாகத் திருப்ப ஆரம்பித்தார். எந்தத் தவறும் இல்லை.

டிங்.

வண்டி ஆணியடித்தது போல நின்றது. நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக இடப்பக்கம் திரும்பி, டீச்சரின் காலைப் பார்த்தார்.

"நான் ஒழுங்காத்தானே போய்ட்டிருந்தேன்?"

"ஆமா அண்ணி."

"எதிர்ல யாராவது வந்தாங்களா?"

"இல்ல அண்ணி."

"அப்ப எதுக்கு அமுக்கின?"

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். காரணம் ஒன்றும் அகப்படவில்லை. நாத்தனார் ஓட்டுகிறார் என்ற பயத்தைத் தவிர வேறு ஒன்றுமில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்காகச் சொன்ன வார்த்தை. உண்மையாகவே தனக்காகச் சொன்னது அன்றுதான்.

"பரவால்ல" என்றார் நாத்தனார், பெரிய மனசோடு. "எல்லாருக்கும் நடக்கறதுதான். காலை எடு."